தரகர் டீச்சர் கொடுத்த தலை

அந்தத் தொழிற்பள்ளியில் அவருக்குத் தரகர் டீச்சர் என்று பெயர். முகத்துக்கு நேரே டீச்சர், முதுகுக்குப் பின்னால் தரகர். நாளாவட்டத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன, அவரும் கண்டுகொள்ளவில்லை. பாடம் நடத்துவது அவர் வேலை இல்லை. கடைசிப் பரீட்சைக்கு முன்னால் ஒவ்வொருவரும் வெளியே போய்க் கட்டாயம் செய்ய வேண்டிய வேலைப் பயிற்சிக்கு இடம் பிடித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. வெல்டிங் படிப்பவருக்குப் பட்டறை, ரொட்டி சுடப் படிப்பவருக்கு பேக்கரி, முடி வெட்டப் படிப்பவருக்குச் சலூன். சம்பந்தம் பேசுவதைவிட இது கஷ்டம் என்பார். கல்யாணத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் பொய் சொல்லிக்கொள்ளலாம். இங்கே முதல் நாள் காலையிலேயே குட்டு உடைந்துவிடும்.

போனில் பேசி அவர் யாரையும் எங்கும் அனுப்பியதில்லை. நேரில் போவார். முதலாளியின் அறையில் நாற்காலி போட்டால் “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, வேலை நடக்கும் இடத்துக்கு நடப்பார். அவருடைய துணிப்பைக்குள் தடித்த பூட்ஸ் ஒரு ஜோடி எப்போதும் கிடக்கும். பட்டறை என்றால் வாசலிலேயே செருப்பைக் கழற்றி அதை மாட்டிக்கொள்வார். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வேலையாட்கள் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் பார்த்தபின் கிளம்பும்போது ஒரு கேள்வி.

“எங்க ஆளுங்க இங்க எதைக் கெடுக்கலாம்?”

கேட்பவர்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு வரும் பதிலை வைத்துத்தான் டீச்சர் முடிவு செய்வார். ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் மூலையில் குவிந்து கிடந்த துண்டு இரும்பைக் காட்டி, அது பூராவும் அவங்களுக்குத்தான் என்றார். அங்கே ஆள் அனுப்பினார். ஒரு பேக்கரிக்காரர், காலையில் பிசையும் முதல் மாவு எப்படிப் போனாலும் பரவாயில்லை என்றார், அங்கேயும் அனுப்பினார். பளபளவென்று கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கார் கம்பெனியில், இங்கே வந்தால் எதையும் கெடுக்க வேண்டியதில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், கடைசியில் நல்லதாக ஒரு சான்றிதழ் கொடுத்துவிடுவோம் என்றார்கள். டீச்சர் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அந்தக் கும்பிடுக்குப் பின்னால் ஒரு பழைய வலி உண்டு. அவரும் இதே மாதிரி ஒரு பள்ளியில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கப் படித்தவர்தான். வேலைப் பயிற்சி என்று ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்பினார்கள். பெண்பிள்ளை, பாவம், கையில் எண்ணெய் படவேண்டாம் என்று வாசல் பக்கம் உட்காரவைத்துப் போன் எடுக்கச் சொன்னார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. முதல் வகுப்பில் தேறி வேலைக்குப் போனார். முதல் வீட்டில் பெட்டியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரிந்ததைப் பார்த்து அப்படியே நின்றார். அந்த வீட்டம்மா பின்னால் நின்று, “என்னம்மா, சாமி கும்பிடுறியா?” என்று கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. பிறகு விழுந்து எழுந்து, வருஷக்கணக்காக அந்தத் தொழிலையே செய்து, கை தேர்ந்தபின்தான் பள்ளிக்கு வந்தார்.

சுபாவத்தில் அவர் பயந்த மனுஷி. இதைச் சொன்னால் வெளியே யாரும் நம்பமாட்டார்கள். ஒருவரை ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டால், அந்த மாதம் முழுக்க மனசுக்குள் விரல் வெட்டுப்படும், ஏணி சரியும், சூடான தட்டு காலில் விழும். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். நாள் பூராவும் நெரிசலில் வண்டி ஓட்டிவிட்டு வரும் தன்னைவிட, வீட்டில் உட்கார்ந்திருக்கும் இவளுக்குத்தான் விபத்து அதிகம் என்பார்.

அந்த வருஷம் கடைசிவரை இடம் கிடைக்காமல் நின்றவர் ஒருவர்தான். பார்சல்காரர். நாற்பதைத் தாண்டியவர். பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கியே முதுகெலும்பு தேய்ந்து, இனிமேல் கனம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொன்னபின் முடி வெட்டும் வகுப்பில் சேர்ந்தவர். ஏன் இந்தத் தொழில் என்று கேட்டதற்கு, பள்ளியில் இருந்த எல்லாச் சாமானையும் கையில் தூக்கிப் பார்த்தேன், கத்தரிதான் கனமில்லாமல் இருந்தது என்றாராம். ஆள் கதவை அடைக்கும் உருவம். பேச்சு என்பது அறவே கிடையாது. ஆனால் பயிற்சி அறையில் பொம்மைத் தலைக்கு அவர் வெட்டிய வெட்டு போல அந்த வகுப்பில் யாரும் வெட்டவில்லை; கழுத்தோரம் கோடு கிழித்தது போல இருக்கும்.

சலூன்காரர்கள் கோட்டைப் பார்க்கவில்லை, உருவத்தைப் பார்த்தார்கள். முடி வெட்ட வந்தவரா, கடையைத் தூக்கிக்கொண்டு போக வந்தவரா என்று ஒருவர் டீச்சரின் காதோடு கேட்டார். இன்னொருவர் வயதைச் சொல்லித் தட்டிக்கழித்தார். சலூனில் ஒரு மாதம் நிற்காவிட்டால் பரீட்சை எழுத முடியாது; பரீட்சை இல்லாவிட்டால் அவருக்கு மறுபடியும் கிடங்குதான். அவர் மனைவி ஒருநாள் பள்ளி வாசலில் காத்திருந்து, “டீச்சர், அவரு அங்க திரும்பிப் போயிடக் கூடாது. போனா நான் அவரைத் தூக்க வேண்டி வரும்” என்றாள். அழவில்லை, சும்மா தகவல் சொல்வது போலச் சொன்னாள். மறுநாளே டீச்சர் பையை மாட்டிக்கொண்டு அடுத்த சலூனைத் தேடிக் கிளம்பினார்.

கடைசியில் இடம் கொடுத்தது கடைத்தெருவின் முனையில் சலூன் நடத்தும் ஒரு அம்மாள். ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் வெட்டும் கடை. கத்தரியைவிட வாய் கூர்மை என்று பெயர். எதைக் கெடுக்கலாம் என்ற கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை.

“முடியைக் கெடுக்கலாம். வளந்துரும்.”

இதைவிட நல்ல பதிலை டீச்சர் கேட்டதில்லை. மனசு நிறைந்து வீட்டுக்குப் போனார். இரண்டாவது வாரம் கடைக்கார அம்மாளிடமிருந்து போன் வந்தது.

“டீச்சரம்மா, உங்க மாப்பிள்ளையை நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.”

டீச்சர் என்னவென்று கேட்டார். வெட்டு நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து போனாராம். இன்னொருவர், முடி வெட்ட வந்தேனா, நாற்காலிக்குள் ஆணி போல அறையப்பட வந்தேனா என்று கேட்டாராம். ஒரு குழந்தை அந்த ஆள் கிட்டே வந்தாலே வீறிடுகிறதாம். ஜனங்களின் தலையை மேலிருந்து பிடித்து அமுக்குகிறாராம்; வேண்டிய பக்கத்துக்குத் திருகுகிறாராம். சொன்னால் தலையாட்டுகிறார், மறுபடியும் கை அங்கேதான் போகிறது.

“முடி வளரும்னு சொன்னேன். கழுத்து வளருமா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

டீச்சர் போனபோது கடையில் மத்தியான மந்தம். பார்சல்காரர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். இரண்டு நாளாக அவர் கையில் அதுதான். கடைக்கார அம்மாள் கண்ணாடியைத் துடைப்பது போல முதுகைக் காட்டினார். வரும் வழியெல்லாம் டீச்சர் என்னென்னவோ சமாதானம் தயார் செய்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டார். நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். நரை ஓடிய முடி தோளில் விழுந்தது.

“அண்ணே, எனக்கு வெட்டுங்க. நுனி மட்டும்.”

போர்வை விழுந்தது, சீப்பு ஓடியது, கத்தரி எடுக்கும் சத்தம் கேட்டது. அப்போது உச்சந்தலையில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. அடிக்கிற கை இல்லை, கோபம் உள்ள கை இல்லை. விட்டால் எங்கேயோ போய்விடும் என்று ஒரு சாமானைப் பிடித்து வைக்கும் கை. டீச்சரின் கழுத்து தோளுக்குள் இறங்கியது; அவர் திமிறியதில் கத்தரி கோணிக்கொண்டு, ஒரு பக்க முடி காதுவரை ஏறிவிட்டது. பார்சல்காரரின் முகம் சாம்பலானது. டீச்சர் கண்ணாடியில் அதைப் பார்க்கவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“கிடங்குப் பழக்கமாண்ணே இது?”

இல்லை என்று தலையாட்டிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அவர் வாயைத் திறந்தார். “பொட்டியை மேலேருந்து அமுக்க மாட்டோம் டீச்சர். கீழே கை குடுத்துத்தான் எடுப்போம். இது ஸ்கூல்ல. விட்டா தலை சுத்திரும்.”

“எந்தத் தலை?”

“பொம்மைத் தலை. கிளாம்ப் எல்லாம் லூசு.” பிறகு தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு, “இது ஆளுன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது.”

ஒரு பக்கம் காதுவரையும் ஒரு பக்கம் தோள்வரையும் முடியோடு டீச்சர் பள்ளிக்கு வந்தார். நேரே பயிற்சி அறை. மேசை விளிம்பில் வரிசையாகப் பொம்மைத் தலைகள். அவற்றை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்புகளின் திருகு மரை தேய்ந்து, எது ஒன்றையும் இறுக்க முடியவில்லை. சீப்பு வைத்தால் தலை சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தது. இடது உள்ளங்கையால் உச்சியில் அமுக்கினால் நின்றது. வகுப்பு முழுக்க அப்படித்தான் வெட்டக் கற்றிருக்கிறது. வேறு சலூன்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். உங்க பிள்ளைங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, சின்னப் பிள்ளைங்க, திட்டித் திட்டி விட வெச்சோம் என்றார்கள். பார்சல்காரர் கையில் இருந்த பலம் மற்றவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளி சொல்லிக்கொடுத்ததைக் கடைசி எழுத்துவரை சரியாகக் கற்றுக்கொண்ட ஆள் அவர்.

பள்ளிக்குச் சாமான் வாங்கிவைக்கும் ஸ்டோர் கீப்பரிடம் போனார். குண்டான, நல்ல மனுஷர், எதற்கும் அவசரப்படாதவர். கிளாம்ப் வாங்க வேண்டிய சாமான் வரிசையில் இருக்கிறது, வரும் என்றார். எத்தனை நாளாக வரிசையில் இருக்கிறது என்று கேட்டதற்கு, “பொம்மை ஒண்ணும் புகார் சொல்லலையே டீச்சர்” என்று சிரித்தார். சிரித்து முடித்தபின்தான் டீச்சரின் தலையைக் கவனித்தார். டீச்சர் அவருக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து போகும் அறையில், அந்தக் கோணல் முடியோடு, கேட்கிறவருக்கெல்லாம் “கிளாம்புக்காகக் காத்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வாரமே புதுக் கிளாம்பு வந்துவிட்டது.

அது அடுத்த வகுப்புக்கு. பார்சல்காரருக்கு? கடைக்கார அம்மாளிடம் டீச்சர் மறைக்காமல் சொன்னார்: தப்பு அவருடையது இல்லை, எங்களுடையது. அம்மாள் டீச்சரின் இரண்டு பக்க முடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தப்பு யாரோடதா இருந்தா என்ன, கழுத்து என் கஸ்டமரோடது. சரி. வாரக் கடைசிக் கூட்டம் வர்றதுக்குள்ள அந்தக் கை மாறணும். அதுவரைக்கும் என் ஆளுங்க தலையைத் தரமாட்டேன். நீங்க கொண்டு வாங்க.”

“எதை?”

“தலையைத்தான்.”

தரகர் டீச்சர் தலை தேடிக் கிளம்பினார். மாப்பிள்ளை தேடுவது இதற்கு எவ்வளவோ மேல். முதலில் வீட்டில் கேட்டார். “எனக்கு இருக்கிறதே காதோரம் நாலு முடி, அதையும் உன் ஸ்கூலுக்கு எழுதி வெக்கணுமா?” என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் வண்டியை விட்டதும் சீருடையோடு வந்து உட்கார்ந்தார். கொழுந்தனார் வந்தார். வெல்டிங் வாத்தியார் வந்தார். அவர் முடியில் தீப்பொறி பட்டுக் கருகிய இடங்கள் இருந்ததால் கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. விடுதிக் காவலாளி வந்தார். முதல்வர், தனக்குக் கூட்டம் இருக்கிறது என்று தன் தலைக்குப் பதிலாக மகனின் தலையை அனுப்பிவைத்தார்.

கடைக்கார அம்மாள் போட்ட சட்டம் ஒன்றுதான்: தொடுவதற்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அதைக் கேட்க வேண்டும், கேட்டபின் அவர்களாகச் சாயக் காத்திருக்க வேண்டும். பொம்மையிடம் யாரும் கேட்பதில்லை. கிடங்கின் இரைச்சலிலும் யாரும் யாரையும் கேட்பதில்லை. பார்சல்காரருக்கு நெற்றி வேர்த்தது. வீட்டுக்காரர் தலையை முன்னால் குனிய வேண்டிய நேரத்தில், நெடுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு, “குனி” என்றார்.

“போலீஸ் ஸ்டேஷன்லகூட ‘குனிங்க’ன்னு சொல்வாங்கப்பா” என்றார் வீட்டுக்காரர். கடையே சிரித்தது. பார்சல்காரரும் சிரித்தார், அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாள் போகப் போகச் சொல் வந்தது. கைதான் வரவில்லை. நான்கு தடவை கேட்டுச் செய்வார். ஐந்தாவது தடவை, கழுத்தோரம் கோடு போடும் கவனத்தில், இடது கை தானாக எழும்பி உச்சிக்குப் போகும். கொழுந்தனார் இரண்டு நாள் கழுத்தில் தைலம் தடவிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு தடவையும் அம்மாள் நாக்கைச் சொடுக்குவார், கை பதறி விலகும். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து, தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். வாரக் கடைசி வந்துவிட்டது. நாளை காலை கூட்டம். கையில் இருந்த தலைகள் தீர்ந்துபோயின.

டீச்சர் ஸ்டோர் அறைக்குப் போய் நின்றார். “பொம்மை புகார் சொல்லலைன்னீங்களே. அதுக்குப் பதிலா இன்னிக்கு நீங்க வந்து உக்காருங்க” என்றார். ஸ்டோர் கீப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்து, டீச்சரின் காதோர முடியைப் பார்த்துவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வரும்போது முணுமுணுத்தபடியேதான் வந்தார். நாற்காலியில் பொதிந்து உட்கார்ந்தார். சாப்பிட்ட நேரம், மேலே மின்விசிறி, கழுத்தைச் சுற்றிச் சுத்தமான துணி, காதருகே சீப்பின் மெல்லிய சத்தம். “சார், கொஞ்சம் வலது பக்கம்” என்று பார்சல்காரர் கேட்டார், அவர் சாய்ந்தார். “கண்ணை மூடிக்கோங்க சார், முன்முடி” என்று கேட்டார், மூடினார். மூடிய கண் திறக்கவில்லை. கழுத்தோரத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டோர் கீப்பர் தூங்கிப்போனார்.

தூங்குகிறவரின் தலைக்குப் பிடிப்பு கிடையாது. அது பொம்மைத் தலையை விட மோசம். மெல்ல ஒரு பக்கமாகச் சுற்றி, மெஷினை நோக்கிச் சரிந்தது. பெஞ்சிலிருந்த டீச்சர் எழுந்தேவிட்டார். அவர் மனசுக்குள் ரத்தம் வந்து, ஆம்புலன்ஸ் வந்து, எல்லாம் முடிந்துவிட்டது. கடைக்கார அம்மாள் நாக்கைச் சொடுக்க வாயைக் குவித்தார்.

பார்சல்காரரின் வலது கை மெஷினை விலக்கியது. இடது கை எழுந்தது. உச்சிக்குப் போகவில்லை. தாடைக்குக் கீழே போய், விரிந்து, சரிந்துவந்த கன்னத்தை ஏந்திக்கொண்டது. அமுக்கவில்லை, நிமிர்த்தவில்லை, அந்தத் தலை எங்கே இருக்க விரும்பியதோ அங்கேயே அதைத் தாங்கிக்கொண்டு நின்றது. அப்படியே தன் உடம்பைச் சாய்த்து, தலை இருந்த வாக்குக்கு இவர் வளைந்து, மிச்சமிருந்த கோட்டைப் போட்டு முடித்தார். ஸ்டோர் கீப்பர் லேசாகக் குறட்டை விட்டார்.

கடைக்கார அம்மாள் குவித்த வாயை மூடிக்கொண்டார். அருகில் போய் ஸ்டோர் கீப்பரின் பின்கழுத்தைக் குனிந்து பார்த்தார், பார்சல்காரரின் இடது கையைப் பார்த்தார். பெஞ்சில் பேப்பர் படித்தபடி தன் முறைக்காகக் காத்திருந்த ஒருவர் பக்கம் திரும்பினார். டீச்சர் கொண்டுவந்த தலை இல்லை. வாடிக்கையாகக் கடைக்கு வருபவர்.

“நீங்க அந்த நாற்காலிக்குப் போங்க சார்.” பிறகு பார்சல்காரரிடம், “இவரை எழுப்பி விடு, எத்தனை நேரம் தூங்குவாரு.”

ஸ்டோர் கீப்பர் எழுந்து, முடிந்துவிட்டதா என்று கேட்டு, கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். புதியவர் உட்கார்ந்தார். பார்சல்காரர் போர்வையை உதறிப் போர்த்தினார், கழுத்தில் பட்டியைச் சுற்றினார், சீப்பை எடுத்தார். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகியும் வாசலைத் தாண்டவில்லை.

“சார், தலையைக் கொஞ்சம் முன்னாடி குனியுறீங்களா?” என்றார் பார்சல்காரர்.

சொல்லிவிட்டு, கையைக் காற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வாடிக்கையாளர் பேப்பரை மடியில் போட்டுவிட்டுத் தானாகவே குனிந்தார்.